1961 அமெரிக்கன் லீக் பேஸ்பால் பருவத்தின் ஹோம் ரன் வீரர்கள்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் வரலாற்றில் 1961ஆம் ஆண்டுப் பருவம் ஹோம் ரன்களுக்காக நினைவுகூரப்படுகிறது. அந்த ஆண்டு அமெரிக்கன் லீகில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரோஜர் மாரிஸ் 61 ஹோம் ரன்களும், அதே அணியின் மிக்கி மேன்டில் 54 ஹோம் ரன்களும் அடித்தனர். 1927இல் பேப் ரூத் நிறுவிய 60 ஹோம் ரன் சாதனை 34 ஆண்டுகளுக்குப் பின் முறியடிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சாதனை செல்லுமா, செல்லாதா என்ற வழக்கு முடிய மேலும் 30 ஆண்டுகள் ஆயின. அதற்குள் மாரிஸ் இறந்துவிட்டார்.

ஹோம் ரன் என்றால் என்ன?

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு ஹோம் ரன்னை விளக்க 'சிக்சர்' என்ற ஒரு சொல் போதும் என்று தோன்றும். ஓரளவுக்கே அது சரி. பேஸ்பாலில் மட்டையாளர் அடித்த பந்து, இரு எல்லைக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் பறந்து வெளிவேலியைத் தாண்டினால் அது ஹோம் ரன். மட்டையாளர் மூன்று தளங்களையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வார். அவருக்கு ஓர் ஓட்டம் கிடைக்கும். தளங்களில் ஏற்கெனவே நின்றிருக்கும் அவருடைய அணியினரும் ஓடிவந்து ஓட்டம் சேர்ப்பார்கள். கோடுகளுக்கு வெளியே எவ்வளவு தொலைவு பறந்தாலும் அது கணக்கில் வராது. மேலும், ஒரு மட்டையாளர் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து தடவைதான் மட்டை பிடிக்க வருவார். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சச்சரவின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

ரூத்தின் 60

1927இல் பேப் ரூத் 60 ஹோம் ரன்கள் அடித்தபோது, அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு அணிகளில் எந்த ஒரு முழு அணியும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஒரு தனி மனிதர் ஒவ்வோர் அணியையும் விஞ்சினார். அதனால் அந்த எண்ணை மக்கள் ஏறக்குறைய வழிபட்டனர். 1932இல் ஜிம்மி ஃபாக்ஸ் 58 வரையும், 1938இல் ஹாங்க் கிரீன்பெர்க் 58 வரையும் வந்து நின்றார்கள். அதற்குமேல் யாரும் செல்லவில்லை. ரூத் 1948இல் மறைந்தபின் அந்த எண்ணுக்கு இன்னும் புனிதம் கூடியது.

எட்டு அணிகள் பத்தாயின

1960 வரை அமெரிக்கன் லீகில் எட்டு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளுடன் தலா 22 ஆட்டங்கள் ஆடும். ஆக மொத்தம் 154. 1961இல் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் என்ற புதிய அணி சேர்க்கப்பட்டது. பழைய வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி மின்னசோட்டாவுக்குக் குடிபெயர்ந்து ட்வின்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வாஷிங்டனுக்கு அதே பழைய பெயரில் வேறொரு புதிய அணி கொடுக்கப்பட்டது. இப்போது அணிகள் பத்து. ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதுடன் தலா 18 ஆட்டங்கள் ஆட வேண்டும் என்று வகுத்தார்கள். ஒன்பதைப் பதினெட்டால் பெருக்கினால் 162. இந்த எளிய பெருக்கல்தான் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது. நேஷனல் லீக் அந்த ஆண்டும் எட்டு அணிகளுடன் 154 ஆட்டங்களையே ஆடியது. 1962இல்தான் அதுவும் மாறியது.

புதிய இரண்டு அணிகள் வந்ததால், இல்லாவிட்டால் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருக்க வேண்டிய பந்தெறிபவர்கள் பலர் மேலே வந்தார்கள். அதனால்தான் ஹோம் ரன்கள் பெருகின என்று அப்போதே பேசப்பட்டது. ஏஞ்சல்ஸ் அணி அந்த ஆண்டு ஆடிய லாஸ் ஏஞ்சலஸ் ரிக்லி ஃபீல்டு மைதானமும் மிகச் சிறியது. அந்த ஒரே மைதானத்தில் ஒரே பருவத்தில் 248 ஹோம் ரன்கள் பறந்தன. எனவே அந்தப் பேச்சை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

ஆனால் மாரிஸைப் பொறுத்தவரை அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. அவர் புதிய வாஷிங்டன் அணிக்கு எதிராக 9, ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக 4 ஹோம் ரன்கள் அடித்தார். இரண்டும் சேர்ந்து 13. பழைய அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஒன்றுக்கு எதிராக மட்டுமே அவர் 13 அடித்திருக்கிறார். புதிய அணிகளோடு ஆடிய ஆட்டங்கள் மொத்தத்தில் ஒன்பதில் இரண்டு பங்கு. அவற்றில் அடித்த ஹோம் ரன்களும் ஏறத்தாழ அதே பங்குதான். யாங்கீ ஸ்டேடியத்தின் வலப்பக்க வேலி 296 அடியில் அருகில் இருந்தது, இடக்கை மட்டையாளரான மாரிஸுக்கு அது கைகொடுத்தது என்று இன்னொரு குறை சொன்னார்கள். சொந்த மைதானத்தில் அவர் அடித்தவை 30. வெளியூர்களில் அடித்தவை 31.

இருவர் ஓட்டம்

மாரிஸ் 1934இல் மின்னசோட்டா மாநிலம் ஹிப்பிங்கில் பிறந்து, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் வளர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். 1959 டிசம்பரில் கான்சஸ் சிட்டி அணியிலிருந்து யாங்கீஸுக்கு மாற்றப்பட்டார். வந்த முதல் ஆண்டிலேயே, 1960இல், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். மேன்டில் ஓக்லஹோமாவைச் சேர்ந்தவர். 1951 முதல் யாங்கீஸுக்கே ஆடியவர். 1956இல் 52 ஹோம் ரன்கள் அடித்தவர். இரு கைகளாலும் மட்டை வீசக் கூடியவர். நியூயார்க் ரசிகர்கள் முந்தைய ஆண்டுகளில் மேன்டிலையும் கேலிக்கூச்சல் போட்டு விரட்டியிருக்கிறார்கள். 1961இல் நிலைமை மாறியது. மேன்டில் 'நம்ம வீட்டுப் பிள்ளை' ஆனார். மாரிஸ் நேற்று வந்தவர் ஆனார்.

தொடக்கத்தில் மாரிஸ் தடுமாறினார். முதல் பத்து ஆட்டங்களில் ஒரு ஹோம் ரன்கூட இல்லை. ஏப்ரல் 26 அன்று டெட்ராய்ட்டில்தான் முதல் ஹோம் ரன் வந்தது. ஏப்ரல் முடிவில் மேன்டில் 7, மாரிஸ் 1. மே மாதத்தில் மாரிஸ் 11 அடித்தார். ஜூனில் 15. ஜூலை 25 அன்று ஒயிட் சாக்ஸ் அணியுடன் ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களில் நான்கு. ஜூலை முடிவில் மாரிஸ் 40, மேன்டில் 39. ஆகஸ்ட் முடிவில் 51, 48. ஒருவரை ஒருவர் துரத்திய இந்த ஓட்டத்தை நாடே நாளிதழ்களில் பின்தொடர்ந்தது. இருவருக்கும் இடையே பகை என்றும் எழுதினார்கள். உண்மையில் இருவரும் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், பாப் செர்வ் என்ற இன்னொரு வீரரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள்.

இதில் அணி மேலாளர் ரால்ஃப் ஹவுக்கின் பங்கும் உண்டு. மாரிஸை மூன்றாவதாகவும் மேன்டிலை நான்காவதாகவும் மட்டை பிடிக்க அனுப்பினார். பேஸ்பாலில் ஆபத்தான மட்டையாளரைக் கண்டால், எட்டாத பந்துகளை வேண்டுமென்றே எறிந்து அவரை முதல் தளத்துக்கு நடந்து போக விட்டுவிடலாம். ஆனால் மாரிஸை நடக்கவிட்டால் அடுத்து மேன்டில் வருவார். எனவே அந்தப் பருவம் முழுவதும் மாரிஸை ஒரு தடவைகூட யாரும் வேண்டுமென்றே நடக்கவிடவில்லை. 61 ஹோம் ரன் அடித்தவர் விஷயத்தில் இது வியப்பான செய்தி.

ஜூலை 17

அப்போது பேஸ்பாலின் ஆணையராக இருந்தவர் ஃபோர்ட் ஃபிரிக். முன்பு பத்திரிகையாளர். ரூத்தின் நண்பர். ரூத்தின் பெயரில் வெளிவந்த கட்டுரைகளை அவருக்காக எழுதிக் கொடுத்தவரும் அவரே. 1961 ஜூலை 17 அன்று அவர் ஓர் அறிவிப்பு செய்தார். ரூத்தின் சாதனையை யாரேனும் முறியடிப்பதாயின் அணியின் முதல் 154 ஆட்டங்களுக்குள் முறியடிக்க வேண்டும். அதற்குப் பின் முறியடித்தால், அது 162 ஆட்டப் பருவத்தில் நிகழ்ந்தது என்று சாதனைப் புத்தகத்தில் தனியாகக் குறித்துக் காட்டப்படும். அதற்கு நட்சத்திரக் குறி இடலாமே என்று டிக் யங் என்ற விளையாட்டு எழுத்தாளர் சொன்னதாகக் கூறுவர். உண்மையில் அப்படி ஒரு குறி எந்த அதிகாரபூர்வப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. இரண்டு சாதனைகளும் தனித்தனி வரிகளில் அச்சாயின, அவ்வளவே. ஆனாலும் மாரிஸ் என்றால் நட்சத்திரக் குறி என்றே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. 2001இல் இப்பருவத்தைப் பற்றி வந்த தொலைக்காட்சித் திரைப்படத்தின் பெயரே '61*' என்பதுதான்.

அதே ஜூலை 17 அன்று பால்டிமோரில் மாரிஸும் மேன்டிலும் ஆளுக்கொரு ஹோம் ரன் அடித்தார்கள். மழை வந்து ஆட்டம் கைவிடப்பட்டதால் இரண்டுமே கணக்கில் சேரவில்லை.

ஆட்டத்தின் விதியைப் பருவத்தின் நடுவில் திருத்துவது நியாயமா? அணிகளைப் பத்தாக்கி ஆட்டங்களை 162 ஆக்கியது லீக் நிர்வாகம்; மாரிஸ் அல்ல. ஒரு மாணவர் தேர்வை எழுதிக்கொண்டிருக்கும்போது, நடுவில் வந்து, முதல் இரண்டு மணி நேரத்தில் எழுதியதற்கு மட்டும்தான் முழு மதிப்பெண் என்று சொல்வதைப் போன்றது இது. மேலும், வேறு எந்தச் சாதனைக்கும் ஃபிரிக் அன்று இந்த அளவு கவலைப்படவில்லை.

செப்டம்பர்

154ஆவது ஆட்டமாகக் கணக்கிடப்பட்டது செப்டம்பர் 20 அன்று பால்டிமோரில் நடந்த ஆட்டம். ரூத் பிறந்த ஊரும் அதுவே. மாரிஸ் 58 ஹோம் ரன்களுடன் களத்தில் இறங்கினார். மூன்றாவது இன்னிங்ஸில் மில்ட் பாப்பாஸ் எறிந்த பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். 59. பின்னர் ஒரு பந்து நெடுந்தொலைவு பறந்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. கடைசி வாய்ப்பில், பிடிபடாமல் அலையும் பந்துகளுக்குப் பேர்போன ஹாய்ட் வில்ஹெல்ம் எதிரே நின்றார். மாரிஸின் மட்டையில் பட்ட பந்து தரையில் மெல்ல உருண்டது. ஆட்டமிழந்தார். அன்றே யாங்கீஸ் லீக் பட்டத்தை உறுதிசெய்தது. ஆனால் செய்தி, ஃபிரிக்கின் கெடுவுக்குள் மாரிஸ் தவறிவிட்டார் என்பதாகவே இருந்தது.

மேன்டில் அதற்குள் உடல்நலம் குன்றியிருந்தார். சளிக்காக இடுப்பில் போட்ட ஊசி சீழ்பிடித்து அவரை வீழ்த்தியது. செப்டம்பர் 23 அன்று பாஸ்டனில் 54ஆவது ஹோம் ரன்னை அடித்தார். அதுவே அவருக்குக் கடைசி. பருவத்தின் இறுதி நாட்களை மருத்துவமனையில் கழித்தார்.

மாரிஸுக்கோ வேறு நோவு. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் நிருபர்கள் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மன அழுத்தத்தால் அவர் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. செப்டம்பர் 26 அன்று ஜாக் ஃபிஷர் பந்தில் 60ஆவது வந்தது. ரூத்தின் மனைவி கிளேர் அரங்கில் இருந்தார். மறுநாள் மாரிஸ் ஓய்வு கேட்டு ஆடாமல் இருந்தார். சாதனைக்கு ஒன்றே ஒன்று குறைவாக இருக்கும்போது ஒரு வீரர் ஆட்டத்தை விட்டு ஒதுங்குகிறார் என்றால் எவ்வளவு களைத்திருப்பார்!

அக்டோபர் 1, பருவத்தின் கடைசி நாள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு எதிராக, நான்காவது இன்னிங்ஸில், டிரேசி ஸ்டாலார்ட் எறிந்த பந்தை மாரிஸ் வலப்பக்க மாடத்துக்குள் அனுப்பினார். 61. யாங்கீஸ் அந்த ஆட்டத்தை 1–0 என வென்றது. வெற்றிக்கான அந்த ஒரே ஓட்டமும் இந்த ஹோம் ரன்தான். அணியினர் அவரை வெளியே தள்ளித் தள்ளி ரசிகர்களுக்குத் தொப்பி உயர்த்த வைத்தார்கள். பந்தைப் பிடித்தவர் புரூக்ளினைச் சேர்ந்த 19 வயது சால் டுரான்டே. பந்தை மாரிஸிடமே கொடுக்க முன்வந்தார். அதை வைத்துப் பணம் சம்பாதித்துக்கொள் என்று மாரிஸ் மறுத்துவிட்டார். அந்தப் பந்துக்குக் கலிஃபோர்னியா உணவக உரிமையாளர் ஒருவர் 5,000 டாலர் அறிவித்திருந்தார்.

அன்று யாங்கீ ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 23,154 பேர். இருக்கைகளில் பாதிக்குமேல் காலியாகக் கிடந்தன. ஃபிரிக்கின் அறிவிப்பு என்ன செய்தது என்பதற்கு இந்த எண்ணைவிடச் சான்று தேவையில்லை.

எதைக் கொண்டு அளப்பது?

ரூத் 1927இல் ஆடியது 151 ஆட்டங்கள். மாரிஸ் 1961இல் ஆடியது 161. பத்து ஆட்டங்கள் கூடுதல் என்பது உண்மை. ஆனால் ஹோம் ரன் அடிக்க வாய்ப்பு, மட்டை பிடிக்க வரும்போதுதான் கிடைக்கிறது. ரூத் 691 தடவை மட்டை பிடிக்க வந்தார். மாரிஸ் 698 தடவை வந்தார். வேறுபாடு ஏழே ஏழு. 1927 யாங்கீஸ் மிகுதியாக ஓட்டம் குவித்த அணி. எனவே ரூத்தின் முறை ஒவ்வோர் ஆட்டத்திலும் அடிக்கடி வந்தது. வாய்ப்புகளின்படி பார்த்தால் ரூத் 11.5 வாய்ப்புக்கு ஒன்று, மாரிஸ் 11.4 வாய்ப்புக்கு ஒன்று என்ற வீதத்தில் அடித்திருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரூத்தைப் பந்தெறிபவர்கள் 137 தடவை நடக்கவிட்டார்கள். மாரிஸை 94 தடவை. நடந்த தடவைகளையும் அவை போன்ற சிலவற்றையும் நீக்கிவிட்டு, உண்மையில் அடித்து ஆடிய தடவைகளை மட்டும் எண்ணினால் ரூத்துக்கு 540, மாரிஸுக்கு 590. இந்தக் கணக்கில் ரூத்தே முந்துகிறார். இன்னொன்றும் உண்டு. 126 தடவை நடக்கவிடப்பட்ட மேன்டில் 514 தடவைதான் அடித்து ஆடினார். இந்த வீதத்தில் அவரும் மாரிஸைவிடச் சற்று மேல். ஆக, யார் பெரியவர் என்பதில் இன்றைக்கும் வாதாடலாம். 154 ஆட்டம் என்ற அளவுகோல் மட்டும் அந்த வாதத்துக்கு எந்த வெளிச்சமும் தரவில்லை.

மற்றவர்கள்

61, 54 என்ற இரு எண்களின் நிழலில் பலர் மறைந்துபோனார்கள். பால்டிமோரின் ஜிம் ஜென்டைலும் மின்னசோட்டாவின் ஹார்மன் கில்லிப்ரூவும் தலா 46 அடித்தார்கள். வேறு பல ஆண்டுகளில் இது முதலிடம் தரக்கூடிய எண்ணிக்கை. ஜென்டைல் அந்தப் பருவத்தில் மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்கும்போது ஐந்து முறை ஹோம் ரன் அடித்தார். அவற்றில் இரண்டு, மே 9 அன்று அடுத்தடுத்த இன்னிங்ஸ்களில் வந்தவை. டெட்ராய்ட்டின் ராக்கி கொலவிட்டோ 45, நார்ம் கேஷ் 41. கேஷ் 0.361 சராசரியுடன் லீகில் முதலிடமும் பெற்றார். மறு ஆண்டு அது 0.243 ஆகச் சரிந்தது. மட்டையைத் துளைத்துத் தக்கை அடைத்திருந்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். நேஷனல் லீகில் ஓர்லாண்டோ செபேடா 46, வில்லி மேஸ் 40, ஃபிராங்க் ராபின்சன் 37. மேஸ் ஏப்ரல் 30 அன்று ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்தவர்.

யாங்கீஸ் அணி மொத்தம் 240 ஹோம் ரன்கள் அடித்து அன்றைய சாதனை படைத்தது. ஆறு வீரர்கள் தலா 20க்கு மேல் அடித்தார்கள். 109 ஆட்டங்களை வென்ற அணி, உலகத் தொடரில் சின்சினாட்டியை 4–1 என வீழ்த்தியது. மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் மாரிஸ் 202 புள்ளிகளும் மேன்டில் 198 புள்ளிகளும் பெற்றார்கள்.

பின்னர்

மாரிஸ் பிறகு ஒருபோதும் அந்த உயரத்தை எட்டவில்லை. காயங்களோடு ஆடி, 1967இல் செயின்ட் லூயிஸ் அணிக்குச் சென்று, 1968இல் 275 ஹோம் ரன்களுடன் ஓய்வு பெற்றார். 1985 டிசம்பர் 14 அன்று நிணநீர்ப் புற்றுநோயால் 51ஆம் வயதில் இறந்தார். 1991 செப்டம்பரில், ஆணையர் ஃபே வின்சென்ட் தலைமையிலான குழு தனித்தனி வரிகளை நீக்கி, 61 என்பதே சாதனை என்று தீர்மானித்தது. பேஸ்பால் புகழ் மண்டபத்தில் மாரிஸுக்கு இதுவரை இடம் கிடைக்கவில்லை.

1998இல் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66 எனவும், 2001இல் பேரி பாண்ட்ஸ் 73 எனவும் அடித்து 61ஐக் கடந்தார்கள். அனைவரும் நேஷனல் லீக் வீரர்கள். ஊக்கமருந்து உட்கொண்டதை மெக்வயர் 2010இல் ஒப்புக்கொண்டார். அமெரிக்கன் லீகில் மாரிஸின் சாதனை 2022 அக்டோபர் 4 வரை நின்றது. அன்று யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜ் 62ஆவது ஹோம் ரன்னை அடித்தார். நிகழ்ந்தது சரியாக 61 ஆண்டுகள் கழித்து.

இப்பருவத்தின் கணக்கில் இன்னொரு திருத்தமும் வந்தது. தன் அடியால் அணிக்கு ஓட்டம் சேர்த்துத் தருவதில் மாரிஸ் 142 பெற்று முதலிடம் என்றும், ஜென்டைல் 141 பெற்று இரண்டாமிடம் என்றும் அரை நூற்றாண்டாக அச்சிட்டு வந்தார்கள். பழைய ஆட்டக் குறிப்புகளை ஆராய்ந்த ஆய்வாளர்கள், ஜூலை மாத ஆட்டமொன்றில் மாரிஸுக்கு ஓர் ஓட்டம் தவறாகச் சேர்க்கப்பட்டதைக் கண்டுபிடித்தார்கள். அவருடைய எண்ணிக்கை 141 ஆயிற்று. இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றால் 5,000 டாலர் ஊக்கத்தொகை என்று 1961இல் ஜென்டைலுக்கு அணி நிர்வாகம் வாக்களித்திருந்தது. ஓரியோல்ஸ் அணி அந்தத் தொகையை 2010இல் அவரிடம் காசோலையாகக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.